ஒரு கட்டம் தள்ளி வைக்க ஓர் ஈடு சந்தகை

அடுத்தவர் வீட்டுக் கம்ப்யூட்டர் எப்படிப் படுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு இத்தனை ஆசையா? முதலில் உங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன், முழங்கால் விடாது. பார்த்தாயிற்றா? சரி, உட்காருங்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நான் சொல்லச் சொல்ல டைப் அடிப்பவள் என் பேத்தி. இதில் கம்ப்யூட்டர் விஷயம் தப்பாக இருந்தால் அவளைத் திட்டுங்கள். சரியாக இருந்தால் என்னைப் பாராட்டுங்கள்.

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே எங்கள் ஊர். ஆடிக் காற்று என்றால் உங்கள் ஊரில் காலண்டர் படபடக்கும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் தென்னை மட்டை பறந்து வரும்.

என் மருமகள் வீட்டு முன்னறையில் எம்ப்ராய்டரி மெஷின் வைத்திருக்கிறாள். கல்யாணப் பெண்களுக்கு ஜாக்கெட்டில் மயில், மாங்காய், தாமரை எல்லாம் போட்டுத் தருவாள். மயிலை முதலில் கம்ப்யூட்டரில் வரைந்து, அதை மெஷினுக்கு அனுப்ப வேண்டும். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆவணியில் வரிசை கட்டி நிற்கும். அதனால் ஆடி முழுக்க அவளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பெண் வீட்டார் முகூர்த்தப் பட்டோடு வரும் ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த நிறம், அந்தச் சரிகை அந்த ஒரு சேலையோடு மட்டும்தான் வரும். கெட்டால் மறு துணி கிடையாது.

அவளுடைய கம்ப்யூட்டர் ஒரு விசித்திரப் பிறவி. அதற்குள் மூன்று குடித்தனம். மெஷினுக்கு டிசைன் போடும் சாப்ட்வேர் பழைய விண்டோஸில்தான் ஓடும், புதியதைக் கண்டால் முறைத்துக்கொள்ளும். பில் போடுவதற்குப் புது விண்டோஸ். பீளமேட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பேத்தி, படிப்புக்கு என்று லினக்ஸ் ஒன்றையும் குடி வைத்துவிட்டாள். காலையில் சுவிட்சைப் போட்டால் மூன்று பெயரையும் காட்டி, இன்றைக்கு யார் என்று கேட்கும். ஒரே வீட்டில் மூன்று ஓரகத்திகள் இருந்தால் இன்றைக்கு யார் சமையல் என்று கேட்பார்களே, அந்த மாதிரி.

ஆடி பிறந்ததும் அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பேத்தி லீவில் வந்தவள், பெரிதாகப் புது டிஸ்க் ஒன்று வாங்கி, பழையதில் இருந்ததை அப்படியே அச்சு மாறாமல் அதில் இறக்கினாள். இறக்கி முடித்த அன்றே பழைய டிஸ்க் கண்ணை மூடிவிட்டது. நல்ல சாவு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் புதியது ஓடவில்லை, நொண்டியது. ஒரு மயிலைச் சேமிக்கச் சொன்னால் அது யோசித்து முடிப்பதற்குள் நான் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்துவிடலாம். மருமகள் தினம் அதன் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் பேத்தி மறுபடி வந்து, அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

"ஏங்கண்ணு, பழசுல இருந்தாப்பலயேதான எடுத்து வெச்சே? அப்பறம் என்ன கேடு இதுக்கு?" என்றேன்.

"அதே மாதிரி வெச்சதுதான் ஆத்தா தப்பு."

டிஸ்க் என்பது கட்டம் கட்டமாக இருக்குமாம். பழைய விண்டோஸ் முதல் அறுபத்துமூன்று கட்டத்தை விட்டுவிட்டுத்தான் தன் குடித்தனத்தை ஆரம்பிக்குமாம். அந்தக் காலத்து டிஸ்க்கில் அதனால் ஒன்றும் மோசமில்லை. இப்போது வரும் டிஸ்க்கில் எட்டுக் கட்டம் சேர்ந்து ஒரு குழியாம். எடுத்தாலும் வைத்தாலும் குழி குழியாகத்தான். எட்டெட்டு அறுபத்துநாலு. அறுபத்துமூன்றில் ஆரம்பித்தால்?

"இட்லித் தட்டுல குழிக்கு நேரா மாவ ஊத்தாம, பாதி இந்தக் குழியில, பாதி பக்கத்துக் குழியிலன்னு ஊத்திப்போட்டா எப்பிடி ஆத்தா?" என்றாள் பேத்தி. "ஒரு இட்லி எடுக்க ரெண்டு குழியத் தோண்டோணும். அதுதான் இது நொண்டுது."

"அட கெரகமே! அப்ப ஒரே ஒரு கட்டம் தள்ளி வெச்சாப் போதுமா?"

"போதும். ஆனா மொத்தத்தையும் தள்ளோணும்."

"ஊட்டுச் சாமானையெல்லாம் ஒரு சாண் கெழக்கால நவுத்தற மாதிரியாக்கும்?"

"ஊட்டையே நவுத்தற மாதிரி. பாதி நவுத்தறப்ப கரண்ட் போச்சுன்னு வெய்யி, கதவு ஒரு பக்கம் கெடக்கும், நெலப்படி ஒரு பக்கம் கெடக்கும். உள்ள இருக்கற டிசைன் ஒண்ணும் தேறாது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த சீசனுக்குப் போட்ட டிசைன் அத்தனையும் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. மருமகளின் பென் டிரைவில் இருந்ததெல்லாம் போன வருடத்து மயில்கள். மெஷினில் பக்கத்துத் தெருப் பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட் ஒன்று பாதி தைத்தபடி சட்டத்தில் மாட்டிக் கிடந்தது. டிசைன் போனால் மீதிப் பாதியை யாராலும் அதே மாதிரி போட முடியாது. ஒரு கை மயில், ஒரு கை மொட்டை என்று மணவறையில் உட்கார வைக்க முடியுமா?

நகல் ஒன்று எடுத்து வைத்துவிட்டுச் செய்யலாம் என்று பேத்தி சொல்லிப் பார்த்தாள். அதற்கு இன்னொரு டிஸ்க் வாங்கி, இந்த நொண்டியிடமிருந்து நகல் எடுக்க இன்னும் ஒரு நாள் போகும். "நாள் இல்ல சாமி, இப்பவே செஞ்சு குடுத்துரு" என்றாள் மருமகள். டிசைனை மட்டுமாவது பென் டிரைவில் போட்டு வைக்கலாம் என்பது அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. யூபிஎஸ் பேட்டரி ஊதிப்போய் மாற்றக் கொடுத்திருந்தோம். ஆனால் மாதாந்திர மின்தடை முந்தின நாள்தான் முடிந்திருந்தது. இனி ஒரு மாதத்துக்குக் கவலையில்லை என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்து, காலையில் வேலையை ஆரம்பித்தோம். ஆடிக் காற்றை ஒருத்தியும் கணக்கில் சேர்க்கவில்லை.

திரையில் ஒரு நீலப் பட்டை. அது இடமிருந்து வலமாக நகர வேண்டும். நத்தை அதைப் பார்த்தால் கர்வப்படும். பட்டை பாதியைத் தாண்டியிருக்கும், வாசலில் பைக் சத்தம். எட்டிப் பார்த்தேன். காக்கி உடுப்பு, தோளில் கயிறு. லைன்மேன்! கூட இன்னொருவர். எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்தவர் போலிருக்கிறது, நான் பார்த்ததில்லை. டிரான்ஸ்பார்மர் எங்கள் வேலியோரத்தில்தான் இருக்கிறது.

"ஏனுங்கம்மா, இந்த லைன்ல ஒரு மட்டை தொங்கிட்டுக் கெடக்குதுங்க. எடுக்கோணும். தொரட்டிக் கோலு இருந்தாக் குடுங்க. கரண்ட்ட எறக்கிப்போட்டு வெசையா முடிச்சர்றோம்."

இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு முன்னறைக்குள் போனேன். உள்ளே மருமகள் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனது. "அத்தே, நேராச் சொல்லிக் கேட்டர்லாங்க" என்று என் காதில் சொன்னாள்.

"நீ சும்மா இரு. கரண்ட்ட நிறுத்தாதீங்கன்னு மாவு மில்லுக்காரன் கேக்கறான், தண்ணி எடுக்கறவன் கேக்கறான், எல்லாருக்கும் இல்லீன்னு சொல்லிச் சொல்லிப் பழகுன வாய் அது. ஒருக்கா இல்லீன்னு வந்துருச்சுன்னா அப்பறம் மாத்த மாட்டாங்க. நாம் பாத்துக்கறேன்."

வாசலுக்கு வந்து முகத்தில் அத்தனை பல்லையும் காட்டினேன். அத்தனை என்றால் இருப்பவற்றை.

"தொரட்டி தோப்புல கெடக்குதுங்க. ஆளு எடுத்துட்டு வருவாங்க. அதுக்குள்ள ரெண்டு வாய் சந்தகை உண்ணுட்டுப் போங்க."

"ஐயோ, வேண்டாங்கம்மா."

"ஒறம்பரையா, விருந்தாளியா ஊட்டுக்கு வந்துட்டு வெறும் வாயாப் போவாங்களா? ஆடி மாசத்துல உண்ணாமப் போனா எனக்குத்தான் ஆகாது. உக்காருங்க சொல்றேன்."

அப்படி ஒரு சாஸ்திரம் எந்த ஊரிலும் கிடையாது. அந்த நிமிஷம் பிறந்தது.

பேத்தி வந்திருக்கிறாள் என்று சந்தகைக்கு அரிசி ஆட்டித் தயாராக வைத்திருந்தேன். சந்தகை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாவை வேக வைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். நூல் நூலாக இறங்கும். அவசரப்பட்டால் கை வெந்துபோகும். நேரத்தை இழுக்க இதைவிட நல்ல பலகாரம் உலகத்தில் கிடையாது. ஒரு ஈடு வேக வைத்தேன். பிழிந்தேன். தேங்காய் துருவினேன். அதுவும் கையால், ஒவ்வொரு பூவாக. பால் பிழிந்தேன். வெல்லம் போட்டேன். ஏலக்காயைத் தேடினேன், கையில் வைத்துக்கொண்டே தேடினேன்.

இருவரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேத்தி அறை வாசலில் நின்று, இரண்டு விரலை அகட்டி இன்னும் இவ்வளவு இருக்கிறது என்று காட்டினாள். நிறைய இருந்தது.

"இன்னொரு ஈடு போடறேனுங்க."

"போதுங்கம்மா, நெம்ப ஆச்சுங்க."

"எம்பட கையி அவ்ளோ மோசமாங்க?"

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்து ஆள் எவராலும் பதில் சொல்ல முடியாது. தட்டை நீட்டினார். அடுத்த ஈடு எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்தேன். அதற்கு அடுத்தது தக்காளி. கூட வந்தவர் ஆனந்தமாகச் சாப்பிட்டார். லைன்மேன் ஒவ்வொரு வாயையும் மென்று மென்று விழுங்கினார். ருசித்து உண்கிறார் என்று நினைத்தேன். காற்று ஒவ்வொரு முறை ஊளையிடும்போதும் விளக்கு ஒரு முறை சிமிட்டியது. அந்தச் சிமிட்டலுக்கு அறையிலிருந்து மருமகள் "ஐயோ" என்பாள். உடனே நான் "அடுப்புச் சுட்டுருச்சாட்ட இருக்குது" என்று சமாளிப்பேன். அடுப்பு என்னிடம் இருந்தது, மருமகள் முன்னறையில் இருந்தாள். யாரும் கேட்கவில்லை.

மாவுப் பாத்திரத்தின் அடி தெரிந்தது. இன்னும் ஒரு ஈடுதான் வரும். அதற்குப் பிறகு என்ன செய்வது, மயங்கி விழுவதா? விழுந்தால் தாங்கிப் பிடிப்பார்களா, இல்லை சுவிட்சை இறக்கப் போவார்களா? வயதான காலத்தில் இடுப்பை அடமானம் வைக்க வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது லைன்மேன் எழுந்து கை கழுவினார். பேத்தி விரலைக் காட்டினாள். இன்னும் அரை விரல் மிச்சம்.

"ஏனுங்கம்மா," என்றார் துண்டில் கை துடைத்தபடி, "உள்ள என்ன வேலை ஓடுதுங்க?"

"ஒரு வேலையும் இல்லீங்களே."

அவர் கொல்லைப்புற ஜன்னலைக் காட்டினார். வேப்பமரத்தில் எங்கள் தொரட்டி சாய்ந்து நின்றது. அவர் சாப்பிட உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே. முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டிருக்கிறார் மனுஷன்.

பேத்திதான் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். டிஸ்க், கட்டம், பாதியில் நிற்கும் வேலை, சட்டத்தில் கிடக்கும் ஜாக்கெட்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

"இத வந்ததுமே சொல்லியிருக்கலாமுங்களே. கோயில் பக்கத்து லைன்லயும் ஒரு மட்டை கெடக்குது, அது வேற டிரான்ஸ்பார்மர். அத மொதல்ல எடுத்துட்டு இங்க வந்திருப்பம்."

"நீங்க மாட்டேன்னு சொல்லிப்போட்டீங்கன்னா..."

"கேட்டாத்தானுங்கம்மா மாட்டேன்னு சொல்ல முடியும்."

கூட வந்தவர் சிரித்துவிட்டார். "இந்த அண்ணன் அவரு ஊட்டுலயே அஞ்சு தோசை தின்னுபோட்டு வந்தாருங்க. டாக்டரு சக்கரையத் தொடக்கூடாதுன்னு வேற சொல்லியிருக்கறாரு."

வெல்லம் கரைத்த தேங்காய்ப்பால்! நானே இரண்டாவது முறை தாராளமாக ஊற்றியது! "ஏனுங்க, அப்பவே சொல்றதில்லீங்களா?" என்றேன்.

"ஆகாதுன்னு எப்பிடிங்கம்மா சொல்றது? நீங்க கையச் சுட்டுக்கிட்டுப் பிழிஞ்சு குடுக்கறீங்க" என்றார். "ஊட்டுல மட்டும் சொல்லிப்போடாதீங்க." தொரட்டியை அவரே போய் எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் போனார்.

கதை முடிந்தது என்று எழுந்திருக்காதீர்கள். பட்டை கடைசி வரை போய்ச் சேர்ந்தது. பேத்தி கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள். மூன்று பெயர் வந்தது. பழைய விண்டோஸை அமுக்கினாள். திரை கறுப்பானது. கறுப்பாகவே இருந்தது. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டியது, என்னைக் கேலி செய்கிற மாதிரி.

மருமகள் அழவில்லை. சட்டத்தில் கிடந்த அந்தப் பாதி மயிலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பேத்தி நகத்தைக் கடித்தாள். "ஊட்ட நவுத்துனது பழைய விண்டோசுக்குத் தெரியல ஆத்தா. அது இன்னும் பழைய எடத்துலயே போயி நின்னு கதவத் தட்டுது. புது வெலாசத்த அதுக்குள்ள எழுதோணும்."

"எழுதத் தெரியுமா?"

"படிச்சிருக்கறேன். செஞ்சதில்ல."

அந்த நேரத்தில்தான் பைக் திரும்பி வந்தது. கோயில் பக்கத்து வேலை முடிந்துவிட்டது.

நான் வெளியே போனேன். இந்த முறை பல்லைக் காட்டவில்லை. மாவும் இல்லை. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் நின்று, வாயைத் திறந்து கேட்டேன். "கம்ப்யூட்டரு இன்னும் எந்திரிக்கலீங்க. பேத்தி சரி பண்ணிப் பாக்கறா. எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுப்பீங்களா?"

"ஆகட்டுங்கம்மா. ஓப்பன் ஆகறதப் பாத்துட்டுச் சொல்லுங்க. அப்பறம் எறக்கறேன்."

அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்காகவா நான் அத்தனை ஈடு பிழிந்தேன்?

உச்சி வெயில் ஏறிவிட்டது. காற்று மண்ணை வாரி இறைத்தது. அவர்கள் இருவரும் வேலியோரம் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போகாமல் அவர்கள் பக்கத்திலேயே கல்லில் உட்கார்ந்தேன். காபி வேண்டுமா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். அவர் மேலே லைனில் ஆடும் மட்டையைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். மருதமலை முருகனிலிருந்து எங்கள் குலதெய்வம் வரை ஒருத்தரையும் விடவில்லை. எந்தச் சாமிக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று தெரியாததால் எல்லோரையும் கூப்பிட்டேன்.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. ஜன்னல் வழியாக மெஷின் சத்தம் கேட்டது. டக டக டக டக என்று ஊசி இறங்கும் சத்தம். சட்டத்தில் கிடந்த ஜாக்கெட்டில் மயிலின் மீதிப் பாதி விழுந்துகொண்டிருந்தது. மருமகள் ஒரு தோகையை முடித்து, டிசைன்களைப் பென் டிரைவிலும் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைத்துவிட்டு வெளியே ஓடி வந்தாள். லைன்மேனைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்போதுதான் அழுதாள்.

"எறக்கட்டுங்களா?" என்று கேட்டார் அவர்.

"எறக்குங்க சாமி" என்றேன்.

மட்டையை எடுக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம்தான் ஆனது. ஆனால் எங்களுக்காகக் காத்ததில் அவர்களுடைய மற்ற வேலை எல்லாம் தள்ளிப்போய், பொழுது சாயும்வரை அந்தக் காற்றில் கம்பம் கம்பமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். தோப்புக்குப் போகும்போது பார்த்தேன். எங்கோ ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்தபடி கையை ஆட்டினார். வயிறு நிறைய என் சந்தகையோடு.

அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அன்று வீட்டுக்குள் லைன்மேன்களை உட்கார வைத்து விருந்து போட்டேனாம், என்ன ரகசியம் என்று கேட்டார்கள். வழக்கம் போல ஏதாவது கதை கட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அன்றைக்கு மட்டும் உள்ளதைச் சொன்னேன். "ஆருகிட்டயாச்சும் ஒரு உதவி வேணும்னா வாயத் தொறந்து கேட்டுப்போடுங்க. எம்மாதிரி ஊட்டி ஊட்டிக் கேக்காம இருக்காதீங்க. சோறு போடறதா இருந்தா, உண்டீங்களா, ஒடம்புக்கு எதாச்சும் ஆகாதான்னு அதையும் ஒரு வார்த்த கேளுங்க. கேக்காம விட்ட அந்த ரெண்டு கேள்விக்கு, ஒரு நல்ல மனுசன் என்னைய நோகடிக்கக் கூடாதுன்னு, ஆகாததையெல்லாம் உண்ணுபோட்டுப் போய்க் கம்பத்துல ஏறுனாருங்க."